வெளிநாடு போன கொரியா பேஸ்பால் பிட்ச்சர்கள் (பந்து போடுறவங்க) பத்தி கேளுங்க, சொல்றேன்

கேள்வி: அண்ணே, அமெரிக்காவோட பெரிய பேஸ்பால் லீக்கான மேஜர் லீக்ல ஆடுன முதல் கொரியாக்காரர் யாரு?

பதில்: பார்க் சான்-ஹோ தம்பி. காலேஜ்ல ஆடிட்டு இருந்தவரை 1994-ல அமெரிக்க டீம் டாட்ஜர்ஸ் கூட்டிட்டுப் போச்சு. மொத்தம் 124 வெற்றி, ஆசியாவுல பொறந்த பிட்ச்சர்கள்ல அதுதான் ரெக்கார்ட். 97, 98-ல கொரியா கடன்ல மாட்டி ஐஎம்எஃப் கிட்ட போய் நின்ன நேரம், வேலை போன ஜனங்க காலங்காத்தால இவர் மேட்ச்சுக்காகவே டிவி முன்னாடி உக்காந்தாங்க, அதனால வெறும் நம்பரை வெச்சு அவரை எடை போடாதீங்க.

கேள்வி: ரியூ ஹியூன்-ஜின் பந்துல அவ்வளவு ஸ்பீடு இல்லையே சார், அப்புறம் எப்படி?

பதில்: நல்ல கேள்வி. 2019-ல அவரோட ஃபாஸ்ட்பால் சராசரியா 90 மைல் பக்கம்தான், இப்பல்லாம் 100 மைல் போடுறவனே நிறைய பேர் இருக்கான். ஆனா அந்த வருஷம் ஈஆர்ஏ, அதாவது 9 இன்னிங்ஸுக்கு சராசரியா விட்டுக்குடுக்குற ரன், 2.32, மொத்த மேஜர் லீக்லயும் அதுதான் கம்மி. காரணம் சேஞ்சப். நம்ம கிரிக்கெட் ஸ்லோ பால் மாதிரி, கை அதே வேகத்துல வரும், பந்து மட்டும் லேட்டா வந்து கீழ இறங்கும், பேட்டர் அதுக்குள்ள வீசி முடிச்சிருப்பான். அதோட கன்ட்ரோல் வேற: 182 இன்னிங்ஸுக்கு மேல போட்டு வெறும் 24 வாக் (நாலு பந்து தப்பா போட்டு பேட்டரை சும்மா முதல் பேஸுக்கு விடுறது) தான்! இதெல்லாம் 2015-ல தோள்பட்டை ஆபரேஷன் பண்ணி ரெண்டு சீசன் கிட்டத்தட்ட போனதுக்கு அப்புறம். அந்த சேஞ்சப்பை கொரியா டீம் ஹன்வா ஈகிள்ஸ்ல சீனியர் கூ டே-சங் கிட்ட கத்துக்கிட்டார்.

கேள்வி: கூ டே-சங்கா? கேள்விப்பட்டதே இல்லையே ப்ரோ.

பதில்: 2005 மே, அமெரிக்காவுல மெட்ஸ் டீம்ல ரிலீஃப் பிட்ச்சர், அதாவது நடுவுல வந்து போடுறவர். பேட்டிங்கே தெரியாத மனுஷன், எதிர்ல பெரிய பிட்ச்சர் ராண்டி ஜான்சன். அடிச்சார் பாருங்க டபுள், ஒரே அடியில ரெண்டாவது பேஸ்! அடுத்த ஆள் பண்ட் (மட்டையால பந்தை மெதுவா தட்டி விடுறது) வெச்சதும் ஹோம் பிளேட் (அதைத் தொட்டாதான் ரன்) காலியா இருக்குன்னு பாத்து செகண்ட் பேஸ்ல இருந்தே ஓடி, ஜாக்கெட்டோட தலைகுப்புற பாஞ்சு ரன் எடுத்துட்டார். வீடியோ தேடிப் பாருங்க, விட்டுடாதீங்க.

கேள்வி: 2001 வேர்ல்ட் சீரிஸ்ல, அதாவது மேஜர் லீக் ஃபைனல்ல, கிம் பியுங்-ஹியூன் சொதப்பிட்டார்ல?

பதில்: எனக்கு இந்த வார்த்தையே புடிக்காது. அரிசோனா டீமோட 22 வயசுப் பையன், நாலாவது மேட்ச்ல எட்டாவது இன்னிங்ஸ்ல வந்து மூணு பேரை வரிசையா அவுட் ஆக்குனான். அப்புறமும் அவனையே விட்டு 60 பந்துக்கு மேல போட வெச்சாங்க, ஹோம்ரன் (நம்ம சிக்ஸர் மாதிரி) போச்சு, தோத்தாங்க. மறுநாளே திரும்ப இறக்குனாங்க, திரும்பவும் ஹோம்ரன். தப்பு முடிவு எடுத்தவங்க மேலதான். கடைசில அரிசோனாதான் கப் அடிச்சது.

கேள்வி: ஜப்பான் போனவங்க?

பதில்: சன் டோங்-யோல், சுனிச்சி டிராகன்ஸ்ல நாலு சீசன்ல 98 சேவ் (கடைசில வந்து டீமோட வெற்றியைக் காப்பாத்துறது). ஓ சுங்-ஹ்வான், ஹன்ஷின்ல 2014-ல 39, 2015-ல 41 சேவ், அங்கிருந்து அமெரிக்காவுல செயின்ட் லூயிஸ் டீமுக்குப் போய் 2016-ல ஈஆர்ஏ 1.92.

கேள்வி: ஏன் சின்ன வயசுலயே போகமாட்டேங்குறாங்க?

பதில்: கொரியா லீக்ல ஏழு சீசன் ஆடுனாதான் கிளப் சம்மதத்தோட போஸ்டிங்ல, அதாவது வெளிநாட்டு டீம் கிளப்புக்குப் பணம் குடுத்து எடுத்துக்குற வழியில, போகலாம். ஸ்கூல் முடிச்சு நேரா அமெரிக்கா போனா திரும்பி வரும்போது ரெண்டு வருஷம் கொரியா லீக்ல ஆட முடியாது. அதுக்கு மேல கட்டாய ராணுவ சர்வீஸ், ஒலிம்பிக் மெடலோ ஆசிய விளையாட்டு தங்கமோ இருந்தாதான் விலக்கு. பார்க்குக்கு 1998 பாங்காக்ல கெடச்சது, ரியூவுக்கும் இன்னொரு பிட்ச்சர் கிம் குவாங்-ஹியூனுக்கும் 2008 பெய்ஜிங்ல, அந்த ஃபைனல்ல கியூபாவை 3-2-ன்னு ஜெயிச்சப்போ முதல்ல பந்து போட ஆரம்பிச்சதே ரியூதான்.