வாசகர் கேள்விகள்: நியூஜெர்சியில் வேட்பாளரைத் தேர்ந்தெடுப்பது யார்?

2024 நவம்பர் 5-ஆம் தேதி அமெரிக்காவில் நடந்த தேர்தலையொட்டி வந்த கடிதங்களில் பெரும்பாலானவை டிரம்ப், கமலா ஹாரிஸ் ஆகிய இருவரைப் பற்றியே கேட்டிருந்தன. அவற்றுக்கு நாளிதழ்கள் அன்றாடம் பதில் சொல்லிக்கொண்டிருந்தன. ஆகவே அந்நாட்டு நாடாளுமன்ற இடங்களைப் பற்றிய கடிதங்களை மட்டும் இந்த இதழில் எடுத்துக்கொண்டேன். நம் பக்கத்துப் பிள்ளைகள் பலர் நியூஜெர்சியில் வேலை பார்ப்பதாலோ என்னவோ, அவற்றில் முக்கால்வாசி அந்த ஒரு மாநிலத்தைச் சுற்றியே அமைந்திருந்தன.

என் மகன் எடிசன் நகரில் இருக்கிறான். அதிபர் தேர்தலோடு சேர்த்து எம்.பி. தேர்தலும் நடப்பதாகச் சொல்கிறான். அந்த மாநிலத்துக்கு எத்தனை இடங்கள்? நம் திருநெல்வேலித் தொகுதியைப் போல அங்கும் உண்டா?
– வாசகர், வண்ணார்பேட்டை

அமெரிக்க நாடாளுமன்றத்தின் இரு அவைகளில் ஒன்றான பிரதிநிதிகள் சபையின் 435 இடங்களில் நியூஜெர்சிக்கு 12 இடங்கள் உண்டு. பன்னிரண்டுக்கும் இரண்டு ஆண்டுகளுக்கு ஒரு முறை தேர்தல் நடக்கும். மற்றோர் அவையான செனட் சபையில் ஒவ்வொரு மாநிலத்துக்கும் இரண்டு இடங்கள், ஆறாண்டுப் பதவி. நியூஜெர்சியின் இரண்டில் ஒன்றுக்கு 2024-இல் போட்டி. ஆக, மாநிலம் முழுவதுக்கும் சேர்த்து 13 இடங்கள் களத்தில் இருந்தன.

2020 கணக்கெடுப்பின்படி அங்கே ஒரு தொகுதியின் மக்கள்தொகை சுமார் 7 லட்சத்து 74 ஆயிரம். ஆலங்குளம், திருநெல்வேலி, அம்பாசமுத்திரம், பாளையங்கோட்டை, நாங்குநேரி, ராதாபுரம் ஆகிய ஆறு சட்டமன்றத் தொகுதிகளை உள்ளடக்கிய நம் தொகுதியில் வாக்காளர்கள் மட்டுமே 16 லட்சத்துக்கு மேல். உங்கள் மகன் வசிக்கும் எடிசன் 6-ஆவது தொகுதியில் வருகிறது. அதன் உறுப்பினர் ஃபிராங்க் பலோன் 1988-இல் முதன்முதலாக வென்றவர். 2024-இலும் அவரே நின்றார்.

2024 ஜூன் 4 அன்று இங்கே வாக்கு எண்ணிக்கையைத் தொலைக்காட்சியில் பார்த்துக்கொண்டிருந்தபோது, நியூஜெர்சியில் குடியுரிமை பெற்று வாழும் என் மகள், தானும் அன்று ஓட்டுப் போடப் போவதாகச் சொன்னாள். நவம்பரில் தேர்தல் என்றால் ஜூனில் எதற்கு ஓட்டு? அவள் அனுப்பிய மாதிரி வாக்குச்சீட்டின் படத்தை இணைத்திருக்கிறேன். செனட் இடத்துக்கு ஒரே கட்சியைச் சேர்ந்த மூவர் போட்டியிடுவதாக அதில் இருக்கிறதே, ஐயா?
– வாசகி, பாளையங்கோட்டை

உங்கள் மகள் அன்று வாக்களித்தது, நவம்பர் தேர்தலில் தம் கட்சியின் சார்பில் யார் நிற்க வேண்டும் என்பதைத் தீர்மானிப்பதற்காக. பிரைமரி எனப்படும் இந்த வேட்பாளர் தேர்வை அங்கே அரசே, அரசு செலவில், வாக்குச்சாவடி அமைத்து நடத்துகிறது. ஒரு கட்சியில் பதிந்துகொண்ட வாக்காளர் அந்தக் கட்சிக்குள் மட்டும் வாக்களிக்கலாம். எதிலும் பதியாதவர் அன்றைக்கே சாவடியில் ஒரு கட்சியைச் சொல்லி வாக்களிக்கலாம். போட்டியில் இறங்க டெபாசிட் கட்ட வேண்டியதில்லை. 2024-இல் பிரதிநிதிகள் சபைக்கு 200 வாக்காளர்களின் கையெழுத்தும் செனட்டுக்கு 1,000 பேரின் கையெழுத்தும் போதுமானதாக இருந்தது.

நீங்கள் இணைத்திருக்கும் படத்தில் ஜனநாயகக் கட்சிக்காரர்களான ஆண்டி கிம், பட்ரீசியா காம்போஸ்-மெதினா, லாரன்ஸ் ஹாம் ஆகிய மூவரின் பெயர்களும் செனட் பதவி என்ற தலைப்பின் கீழ் ஒரே கட்டத்தில் அடுத்தடுத்து அச்சாகியிருக்கின்றன. பார்ப்பதற்கு இது வெகு சாதாரணமாகத் தோன்றும். ஆனால் உங்கள் மகள் வசிக்கும் மாநிலத்தில் இப்படி ஒரு சீட்டு வருவதற்கு நீதிமன்றப் படி ஏற வேண்டியிருந்தது.

அங்குள்ள 21 கவுண்டிகளில் (நம் மாவட்டங்களைப் போன்றவை) 19-இல், கவுண்டியின் கட்சித் தலைமை யாரை ஆதரிக்கிறதோ அவர்கள் எல்லோரையும், அதிபர் பதவியிலிருந்து உள்ளூர்ப் பதவி வரை, ஒரே வரிசையில் அச்சிடுவது பல்லாண்டு வழக்கமாக இருந்தது. ஆதரவு கிடைக்காதவரின் பெயர் அந்த வரிசைக்கு அப்பால், சில நேரம் காலிக் கட்டங்களையெல்லாம் தாண்டிச் சீட்டின் ஓரத்தில் கிடக்கும். தெரிந்த பெரிய பெயருக்கு நேரே தொடங்கி, அதே வரிசையில் குறியிட்டுக்கொண்டே போவது வாக்காளரின் இயல்பு. அதனால் கவுண்டித் தலைவர்கள் யாரை வரிசையில் சேர்த்தார்களோ அவர் பாதி வென்றவராகவே களத்துக்கு வந்தார்.

2023 செப்டம்பரில் நியூஜெர்சியின் செனட்டர் பாப் மெனெண்டஸ் மீது, ரொக்கமும் தங்கக் கட்டிகளும் லஞ்சமாகப் பெற்றார் என்ற குற்றச்சாட்டு பதிவானது. மறுநாளே, கொரியாவிலிருந்து குடியேறிய பெற்றோரின் மகனும் 3-ஆவது தொகுதியின் உறுப்பினருமான ஆண்டி கிம், அந்த இடத்துக்குத் தாம் போட்டியிடுவதாக அறிவித்தார். சில வாரங்களில் அப்போதைய ஆளுநர் பில் மர்ஃபியின் மனைவி டாமி மர்ஃபியும் இறங்கினார். அதுவரை அவர் எந்தத் தேர்தலிலும் நின்றவர் அல்லர். ஆயினும் பெரிய கவுண்டிகளின் கட்சித் தலைவர்கள் அடுத்தடுத்து அவர் பக்கம் நின்றார்கள். கிம் 2024 பிப்ரவரியில் வழக்குத் தொடுத்தார். மார்ச் 24-இல் டாமி மர்ஃபி போட்டியிலிருந்து விலக, 29-ஆம் தேதி நீதிபதி ஜாஹித் குரேஷி, ஜனநாயகக் கட்சியின் பிரைமரிக்கு அந்த வரிசை முறையில் சீட்டு அச்சிடத் தடை விதித்தார். குடியரசுக் கட்சியின் சீட்டு மட்டும் அவ்வாண்டும் பழைய முறையிலேயே வந்தது. பிரைமரியில் பெருவாரியாக வென்ற கிம், நவம்பரில் குடியரசுக் கட்சியின் கர்ட்டிஸ் பாஷாவை எதிர்த்து நின்றார். அந்தக் கட்சி நியூஜெர்சியில் கடைசியாக ஒரு செனட் இடத்தை வென்றது 1972-இல்.

பெயர் அச்சாகும் இடத்துக்கு இத்தனை மதிப்பா என்று நீங்கள் வியக்க வேண்டியதில்லை. நம் வாக்குப்பதிவு இயந்திரத்திலும் அங்கீகரிக்கப்பட்ட கட்சியினர் முதலில், பதிவு மட்டும் பெற்ற கட்சியினர் அடுத்து, சுயேச்சைகள் கடைசியில் என்பதுதான் விதி. ஒவ்வொரு பிரிவுக்குள்ளும் அகர வரிசை. ஒரு இயந்திரத்தில் நோட்டாவையும் சேர்த்து 16 பெயர்களுக்குத்தான் இடம் உண்டு. அதற்கு மேல் போனால் சுயேச்சை அடுத்த இயந்திரத்துக்குத் தள்ளப்படுவார். ஆனால் நம் விதி எந்தக் கட்சித் தலைவரின் விருப்பத்துக்கும் வளைவதில்லை.

வேட்பாளர் தேர்வில்தான் நாம் பின்தங்கியிருக்கிறோம். 2019-இல் தி.மு.க.வின் ஞானதிரவியம் வென்ற திருநெல்வேலி, 2024-இல் கூட்டணிப் பங்கீட்டில் காங்கிரஸுக்குப் போய், ராபர்ட் புரூஸ் வேட்பாளரானார். அ.தி.மு.க. முதலில் சிம்லா முத்துச்சோழனை அறிவித்து, சில நாட்களிலேயே ஜான்சி ராணியை நிறுத்தியது. பா.ஜ.க. அப்போது திருநெல்வேலியின் சட்டமன்ற உறுப்பினராக இருந்த நயினார் நாகேந்திரனை நிறுத்தியது. இந்த முடிவுகளில் ஒன்றுக்காவது முக்கூடலிலோ திசையன்விளையிலோ இருக்கும் ஒரு சாதாரண உறுப்பினரிடம் வாக்குக் கேட்கப்பட்டதா? முப்பது வருடம் கொடி கட்டியவரும், நம்மைப் போலவே, தம் வேட்பாளர் யார் என்பதைச் செய்தியில் பார்த்துத்தான் தெரிந்துகொள்கிறார். பிரைமரியிலும் குறைகள் உண்டு. வாக்களிப்போர் தொகை குறைவு, பணத்தின் கை ஓங்கி நிற்கிறது. அப்படியிருந்தும், ஆளுநரின் குடும்பத்தையே எதிர்த்து ஒருவர் தம் கட்சிக்காரர்களிடம் நேரே போய் வாக்குக் கேட்க முடிந்ததே, அந்த வழி நம் கட்சிகளிலும் திறக்க வேண்டும் என்று நான் மனதார விரும்புகிறேன்.

நியூஜெர்சியில் இறந்துபோனவர் ஒருவர் பிரைமரியில் வெற்றி பெற்றதாகப் படித்தேன். இது எப்படி நடக்கும்?
– வாசகர், கல்லிடைக்குறிச்சி

நடந்தது உண்மை. 10-ஆவது தொகுதியின் உறுப்பினர் டொனால்ட் பெய்ன் 2024 ஏப்ரல் 24-இல் காலமானார். வேட்புமனுவுக்கான கெடு மார்ச்சிலேயே முடிந்துவிட்டது. எதிர்த்து நிற்க யாரும் இல்லை. சீட்டில் அவர் பெயரே இருந்தது. நவம்பர் தேர்தலுக்கு மாற்று வேட்பாளராகக் கவுண்டிகளின் கட்சிக் குழுவினர் லமோனிகா மெக்ஐவரைத் தேர்ந்தார்கள். எஞ்சிய பதவிக்காலத்துக்குத் தனியாக நடந்த இடைத்தேர்தலிலும் செப்டம்பர் 18 அன்று அவரே வென்றார். ஆகஸ்டில் 9-ஆவது தொகுதியின் பில் பாஸ்கிரெல் மறைந்தபோதும், அவருக்குப் பதிலாக நெல்லி பூ என்பவரைக் குழுதான் தேர்ந்தது. வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் உரிமை வாக்காளர் கையிலிருந்து நழுவிப் பழையபடி நிர்வாகிகளிடம் போகும் வேளை இதுதான்.

நம் சட்டப்படி, அங்கீகரிக்கப்பட்ட கட்சியின் வேட்பாளர் வாக்குப்பதிவுக்கு முன் இறந்தால் தேர்தல் தள்ளிவைக்கப்பட்டு, அந்தக் கட்சிக்கு வேறொருவரை நிறுத்த வாய்ப்புத் தரப்படும்.

இந்தியாவில் பிறந்தவர் அங்கே எம்.பி. ஆகலாமா? நம் தமிழர்கள் யாராவது இருக்கிறார்களா?
– வாசகி, வள்ளியூர்

தாராளமாக ஆகலாம். அதிபர் பதவிக்குத்தான் பிறப்பிலேயே குடியுரிமை பெற்றிருக்க வேண்டும். பிரதிநிதிகள் சபைக்கு 25 வயதும் ஏழாண்டுக் குடியுரிமையும் போதும். செனட்டுக்கு 30 வயதும் ஒன்பதாண்டும். கலிஃபோர்னியாவிலிருந்து 1956-இல் வென்ற தலிப் சிங் சௌந்த் இந்த வழியில் முதலில் போனவர். 2024-இல் அவையில் இருந்தவர்களில், வாஷிங்டன் மாநிலத்தின் 7-ஆவது தொகுதியைச் சேர்ந்த பிரமிளா ஜெயபால் சென்னையில் பிறந்தவர். இல்லினாய் மாநிலத்தின் ராஜா கிருஷ்ணமூர்த்தி தமிழ்ப் பெற்றோருக்கு டெல்லியில் பிறந்தவர்.

நியூஜெர்சியில் 2024-இல் போட்டியிட்ட இந்திய வம்சாவளியினர் இருவரைக் குறிப்பிடலாம். ஹோபோகன் நகரின் அப்போதைய மேயர் ரவி பல்லா, 8-ஆவது தொகுதியின் ஜனநாயகக் கட்சி பிரைமரியில், அப்போது செனட்டராக இருந்த பாப் மெனெண்டஸின் மகனும் அத்தொகுதியின் உறுப்பினருமான ராப் மெனெண்டஸை எதிர்த்துத் தோற்றார். தந்தை மீது அத்தனை பெரிய வழக்கு நடந்துகொண்டிருந்த வேளையிலும் மகன் வென்றார் என்பது, குடும்பப் பெயருக்கும் கட்சி நிர்வாகத்துக்கும் அங்கேயும் எவ்வளவு பலம் உண்டு என்பதைக் காட்டுகிறது. இன்னொருவர் மருத்துவர் ராஜேஷ் மோகன். ஆண்டி கிம் விட்டுச்சென்ற 3-ஆவது தொகுதியில், குடியரசுக் கட்சியின் வேட்பாளராக ஹெர்ப் கோனவேயை எதிர்த்து நின்றார்.

2016-இல் எங்கள் தொகுதி 49 வாக்கில் முடிவானது. அப்படி ஒரு நிலை அமெரிக்காவில் வந்தால் என்ன செய்வார்கள்?
– வாசகர், ராதாபுரம்

அதைவிட நெருக்கமாகவே வந்திருக்கிறது. 2020-இல் அயோவா மாநிலத்தின் 2-ஆவது தொகுதியில், ஏறக்குறைய 4 லட்சம் வாக்குகள் பதிவான தேர்தலில், மேரியனட் மில்லர்-மீக்ஸ் 6 வாக்கு வித்தியாசத்தில் ரீட்டா ஹார்ட்டை வென்றார். மறு எண்ணிக்கைக்குப் பிறகும் நிலைத்த வித்தியாசம் அது.

நம்மிடமிருந்து அவர்கள் வேறுபடுவது இதற்கு அப்புறம்தான். உறுப்பினர்களின் தேர்தல் செல்லுமா என்பதை அந்தந்த அவையே தீர்மானிக்கும் என்று அமெரிக்க அரசமைப்புச் சட்டம் சொல்கிறது. ஆகவே ஹார்ட் பிரதிநிதிகள் சபையிடமே முறையிட்டார். அப்போது அவரது கட்சிக்கே அங்கு பெரும்பான்மை இருந்தும், எதிர்ப்பு வலுத்ததால் 2021 மார்ச்சில் முறையீட்டைத் திரும்பப் பெற்றார். வாதியின் கட்சிக்காரர்களே நீதிபதிகளாக அமர்கிற இந்த ஏற்பாட்டை நான் ஏற்க மாட்டேன். நம் முறையில் தேர்தல் வழக்கு உயர் நீதிமன்றத்துக்குப் போகிறது, அதுவே சரி. ஆனால் உங்கள் தொகுதியில் இன்பதுரையின் வெற்றியை எதிர்த்து அப்பாவு தொடுத்த வழக்கில், தபால் வாக்குகளையும் கடைசி மூன்று சுற்றுகளையும் மறுபடி எண்ண 2019-இல்தான் உத்தரவு வந்தது. எண்ணிய பிறகும் முடிவை வெளியிட உச்ச நீதிமன்றம் தடை விதித்தது. அதற்குள் ஐந்தாண்டுப் பதவிக்காலமே முடிந்துவிட்டது. இத்தகைய வழக்குகளை ஆறு மாதங்களில் முடிக்க முயல வேண்டும் என்று மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் சொல்வதை நீதிமன்றங்கள் இன்னும் அக்கறையோடு எடுத்துக்கொள்ள வேண்டும்.

மக்கள்தொகை குறைந்தால் மாநிலத்தின் இடங்களும் குறையும் என்கிறார்கள். அமெரிக்காவில் அப்படி நடக்கிறதா?
– வாசகர், தென்காசி

பத்தாண்டுக்கு ஒரு முறை நடக்கிறது. மொத்தம் 435-ஐத் தாண்டாது என்பதால் ஒரு மாநிலம் பெற்றால் இன்னொன்று இழக்கும். 2020 கணக்கெடுப்புக்குப் பின் டெக்சாஸ் இரண்டு இடங்களைப் பெற்றது. கலிஃபோர்னியா தன் வரலாற்றில் முதன்முறையாக ஒன்றை இழந்தது. நியூயார்க் இன்னும் 89 பேர் கணக்கில் சேர்ந்திருந்தால் தன் 27-ஆவது இடத்தைக் காப்பாற்றியிருக்கும். நியூஜெர்சி 12-இலேயே நின்றது. தமிழ்நாட்டின் 39 இடங்கள் 1971 கணக்கெடுப்பின் அடிப்படையில் நிறுத்திவைக்கப்பட்டிருக்கின்றன. 2026-க்குப் பின் எடுக்கப்படும் முதல் கணக்கெடுப்பு வரை அந்தப் பாதுகாப்பு உண்டு.

எச்1பி வேலை விசாவில் இருக்கும் என் மருமகனிடம் ஒரு வேட்பாளருக்காக நன்கொடை கேட்கிறார்களாம். கொடுக்கலாமா?
– வாசகர், மேலப்பாளையம்

கொடுக்கக் கூடாது. குடியுரிமையோ, கிரீன் கார்டு எனப்படும் நிரந்தரமாகக் குடியிருக்கும் அனுமதியோ இல்லாத வெளிநாட்டவர் அங்கே எந்தத் தேர்தலுக்கும் நன்கொடை தருவது சட்டப்படி குற்றம். கிரீன் கார்டு உள்ளவர் தரலாம்; 2024 தேர்தலில் ஒரு வேட்பாளருக்குப் பிரைமரிக்கு 3,300 டாலரும் பொதுத்தேர்தலுக்கு 3,300 டாலரும் என்று வரம்பு இருந்தது. நம் நாட்டில் மக்களவை வேட்பாளரின் செலவுக்குத் தமிழ்நாட்டில் 95 லட்சம் ரூபாய் என்று உச்சவரம்பு உண்டு. அங்கே 1976-இல் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்புக்குப் பின் செலவுக்கு வரம்பே கிடையாது, ஒருவர் தரும் நன்கொடைக்கு மட்டும்தான் வரம்பு. நன்கொடை கேட்டு இத்தனை தொலைபேசி அழைப்புகள் வருவது அதனால்தான். உங்கள் மருமகனுக்கு ஆர்வம் இருந்தால், சம்பளம் வாங்காத தொண்டராக வேட்பாளருக்கு உதவச் சட்டம் இடம் தருகிறது. ஏற்கெனவே பணம் அனுப்பியிருந்தால், தம் விசா நிலையைக் குறிப்பிட்டு வேட்பாளரின் பிரசாரக் குழுவின் பொருளாளருக்கு உடனே எழுதித் தொகையைத் திரும்பக் கேட்கச் சொல்லுங்கள். திருப்பித் தர வேண்டிய கடமை அவர்களுக்கு உண்டு.