தேய்ந்த நீலம் திரும்ப வருமா?

பழைய ராணுவத் துப்பாக்கிகளின் உலோகப் பூச்சு பற்றி வாசகர்கள் கேட்ட கேள்விகள் இவை. அருங்காட்சியகப் படைக்கலங்களைப் பராமரிப்பதில் பல ஆண்டுகள் கழித்த நமது பத்தியாளர் பதில் சொல்கிறார்.

கேள்வி: செயலிழக்கச் செய்யப்பட்ட மவுசர் 98கே (ஜெர்மன் ராணுவத் துப்பாக்கி) ஒன்று என்னிடம் இருக்கிறது. மேகசினின் (தோட்டாப் பெட்டியின்) அடித்தகடும், விசையைச் சுற்றியுள்ள டிரிகர் கார்டும் தேய்ந்து வெள்ளி போலத் தெரிகின்றன. குழலில் அங்கங்கே செந்துரு. எல்லாவற்றையும் பாலிஷ் போட்டுப் புதிதாகப் புளூயிங் (எஃகின் மேல் கருநீலப் படலம் ஏற்றுவது) செய்யக் கொடுக்கலாமா ஐயா?

பதில்: தயவுசெய்து கொடுத்துவிடாதீர்கள்.

உங்கள் கேள்வியில் இரண்டு விஷயங்கள் கலந்திருக்கின்றன. ஒன்று தேய்மானம், மற்றது துரு. துப்பாக்கியை ஒற்றைக் கையில் தூக்கிப் பாருங்கள். எடை சமமாக நிற்கும் இடம் ஏறக்குறைய அந்த அடித்தகடுதான். அதைச் சுமந்து நடந்தவர்களின் விரல் பட்டுப் பட்டு நீலம் போயிருக்கிறது. எண்ணெய் பூசி வைத்தால் அந்த இடம் இன்னும் பல ஆண்டுகள் அப்படியே இருக்கும். துரு அப்படியில்லை. இரும்பைத் தின்றுகொண்டே போகும். ஆகவே துருவை நிறுத்துங்கள், தேய்மானத்தை விட்டுவிடுங்கள்.

பாலிஷ் சக்கரத்தில் வைத்தால் என்ன ஆகும் என்று சொல்கிறேன். கூரான விளிம்புகள் மழுங்கும். திருகுத் துளைகளின் வாய் குழிந்துபோகும். 98கே துப்பாக்கியில் குழல் பொருந்தும் வளையத்தின் மேல் தொழிற்சாலைக் குறியும் ஆண்டும் இருக்கும். சின்னச் சின்ன பாகங்களில்கூட எண்ணும், கழுகு முத்திரையும் இருக்கும். அவற்றின் ஆழம் மிகக் குறைவு. சக்கரம் நாலு சுற்றுச் சுற்றினாலே முத்திரை மங்கிவிடும். அப்புறம் அது எங்கே, எப்போது செய்யப்பட்டது என்று சொல்ல ஆளில்லை.

அமிலமும் வேண்டாம். வேலைக்குச் சேர்ந்த புதிதில் துருப்பிடித்த ஒரு பின்குறித் தகட்டை (குறிபார்க்கும் பின்பக்கத் தகட்டை) வினிகரில் ஓர் இரவு ஊறப்போட்டேன். காலையில் துரு இல்லை, நீலமும் இல்லை. பலகைக்கல் போல வெறும் சாம்பல் நிறம். நாம் நீலம் என்று சொல்கிற அந்தக் கருநிறமும் ஓர் இரும்பு ஆக்சைடுதான், மேக்னடைட் என்பார்கள். அமிலத்துக்கு நல்ல ஆக்சைடு, கெட்ட ஆக்சைடு என்ற வேறுபாடு தெரியாது. அந்தத் தகடு இன்றும் என் கண்ணிலேயே நிற்கிறது.

சரி, என்ன செய்யலாம்? கொதிக்க வையுங்கள். செந்துருப் பிடித்த பாகத்தை மரத்திலிருந்து கழற்றி, அசிட்டோனால் எண்ணெய்ப் பிசுக்கை முழுவதும் துடைத்து எடுங்கள். டிஸ்டில்டு வாட்டரில் மூழ்கவைத்து அரை மணி நேரம் கொதிக்கவிடுங்கள். சிவப்பு மெல்ல மெல்லக் கறுத்து, வெல்வெட் போலப் படிந்திருக்கும். செந்துரு கருப்பு ஆக்சைடாக மாறிவிட்டது என்று அர்த்தம். வெளியே எடுத்தால் சூட்டிலேயே ஈரம் காய்ந்துவிடும். பிறகு நாலு சைபர் (0000, மிக மெல்லிய) ஸ்டீல் வூலால், அழுத்தாமல், தூசி தட்டுவது போலத் தேயுங்கள். உதிர வேண்டிய கருந்தூள் உதிரும், பிடித்திருக்க வேண்டியது பிடித்திருக்கும். சிவப்பு மிச்சம் இருந்தால் இன்னொரு முறை கொதிக்க வையுங்கள். கடைசியில் சூடு ஆறும் முன்பே எண்ணெய் பூசுங்கள்.

ஸ்டீல் வூல் துருப்பிடிக்காமல் இருக்க அதிலேயே லேசாக எண்ணெய் தடவியிருப்பார்கள். அதையும் அசிட்டோனில் அலசிவிட்டுத்தான் பயன்படுத்த வேண்டும். பலர் இங்கேதான் கோட்டை விடுகிறார்கள்.

இது புதிய வித்தை இல்லை. வேண்டுமென்றே மெல்லிய துரு ஏற்றி, கொதிக்கவைத்து, தேய்த்து, மறுபடி துரு ஏற்றி என்று பல முறை செய்து நீலம் கொண்டுவரும் பழைய முறையின் பின்பாதிதான் இது. நான் பார்த்தவற்றில் இதைவிட அழகான கருமை இல்லை. இன்று பட்டறைகளில் அதிகம் நடப்பது காஸ்டிக் சோடாவும் நைட்ரேட் உப்பும் கலந்த, ஏறக்குறைய 140 டிகிரி செல்சியஸ் சூடுள்ள தொட்டி. அதில் தண்ணீர் தெறித்தால் கண்ணே போகும். வீட்டில் நினைத்தும் பார்க்காதீர்கள்.

உங்களுடையது செயலிழந்தது. சுடும் நிலையில் உள்ளதை வைத்திருப்பவர்கள் முதலில் குழலின் பின்முனையில் உள்ள தோட்டா அறை காலியா என்று கண்ணாலும் விரலாலும் பார்த்துக்கொள்ளுங்கள். தனிப் பாகத்தையே ஆயுதமாகக் கருதும் சட்டங்களும் உண்டு. உரிமம் பெற்றவரிடம் மட்டுமே வேலைக்குக் கொடுங்கள்.

கேள்வி: லீ-என்ஃபீல்டு (பிரிட்டிஷ் ராணுவத் துப்பாக்கி) மேகசினில் கறுப்பு உதிர்ந்த இடத்தில் கோல்டு புளூ (சூடாக்காமலே கறுப்பேற்றும்) திரவம் தடவினேன். முதலில் நன்றாக இருந்தது. ஒரு மாதத்தில் ஊதாத் திட்டுகளும் பழுப்புத் துருவும் வந்துவிட்டன. ஏன்?

பதில்: அந்தத் திரவம் இரும்பை ஆக்சைடாக மாற்றுவதில்லை. அதில் பொதுவாக இருப்பவை செலினியச் சேர்மமும் தாமிர உப்பும். மேலே ஒரு கரும்படலம் படிகிறது, அவ்வளவுதான். எண்ணெய் மிச்சம் இருந்த இடத்தில் திட்டாக வரும். கூடவே இருக்கும் அமிலத்தைக் கழுவாமல் விட்டால் துரு வரும். சிறு கீறலை மறைக்க மட்டும்தான் அதை நான் எடுப்பேன். செலினியம் நச்சு. கையுறை போட்டு, ஜன்னலைத் திறந்துவைத்துச் செய்யுங்கள்.

உங்கள் மேகசினை இன்னொரு முறை உற்றுப் பாருங்கள். கறுப்பு தேய்ந்து மங்கியிருக்கிறதா, செதிலாகப் பெயர்ந்திருக்கிறதா? இரண்டாம் உலகப் போருக்குப் பின் பழுதுபார்க்கப்பட்ட பல லீ-என்ஃபீல்டுகளுக்கு பாஸ்பேட் பூச்சு கொடுத்து, அதன்மேல் சூளையில் சுட்ட கறுப்புப் பெயின்ட் அடித்தார்கள். செதிலாகப் பெயர்ந்தால் அது பெயின்டாக இருக்க வாய்ப்பு அதிகம். அதில் எந்தப் புளூ திரவமும் ஒட்டி நிற்காது. அந்த இடத்தைக் கழுவி, உலர்த்தி, எண்ணெய் பூசி விட்டுவிடுங்கள்.

கேள்வி: என் எம்1 கேரண்டில் (அமெரிக்க ராணுவத் துப்பாக்கி) எல்லாப் பாகமும் பச்சை கலந்த சாம்பல் நிறம். குழலின் முன்முனையில் உள்ள கேஸ் சிலிண்டர் மட்டும் வெள்ளியாகப் பளபளக்கிறது. யாராவது மாற்றிவிட்டார்களா?

பதில்: கவலைப்படாதீர்கள், இது பலருக்கும் வரும் சந்தேகம். மற்ற பாகங்களில் இருப்பது பார்க்கரைசிங். 1906இல் இங்கிலாந்தில் தாமஸ் காஸ்லெட் காப்புரிமை பெற்ற பாஸ்பேட் முறை, பின்னர் அமெரிக்காவில் பார்க்கர் நிறுவனத்தின் பெயரால் பரவியது. கொதிநிலைக்குச் சற்றுக் கீழே சூடாக்கிய பாஸ்பேட் கரைசலில் எஃகை மூழ்கவைப்பார்கள். மேற்பரப்பில் நுண்துளை நிறைந்த படிகப் படலம் உருவாகி எண்ணெயைப் பிடித்து வைத்துக்கொள்ளும். ஆண்டுக்கணக்கில் கிரீஸ் ஊறியதால் பச்சைச் சாயல் வரும். அதைச் சுரண்டாதீர்கள்.

கேஸ் சிலிண்டர் துருப்பிடிக்காத எஃகு. பாஸ்பேட் அதில் பிடிக்காது. அதற்குத் தனியாகக் கறுப்பு ஏற்றினார்கள், அது தேய்ந்துபோகும். வெள்ளியாகத் தெரிவதால் மட்டும் அது மாற்றப்பட்டது என்று சொல்ல முடியாது.

கேள்வி: திருகுகளையும் மவுசரின் எக்ஸ்ட்ராக்டரையும் (தோட்டா உறையை வெளியே இழுக்கும் கொக்கி) நெருப்பில் காய்ச்சி எண்ணெயில் போட்டால் கறுக்குமாமே?

பதில்: கறுக்கும். எஃகு 300 டிகிரி செல்சியஸை நெருங்கும்போது நீலமாகும். அப்போது எண்ணெயில் தோய்த்தால் நல்ல கருமை வரும். கடினப்படுத்தாத சாதாரணத் திருகுக்கு அது சரி. எக்ஸ்ட்ராக்டர் நீளமான ஒரு ஸ்பிரிங். சூடு ஏறிவிட்டால் பதம் போய்விடும், வளைத்தால் வளைந்தபடியே நிற்கும். அதை நெருப்புப் பக்கமே கொண்டுபோகாதீர்கள். எண்ணெய்த் துணியால் துடைத்து அப்படியே மாட்டிவிடுங்கள்.