சத்தம் குறைந்த வீடு: கட்டுவதற்கு முன் சில கேள்விகளும் பதில்களும்

யாழ்ப்பாணப் பகுதியில் புதிதாக வீடு கட்டத் தொடங்கியிருப்போர் அனுப்பிய கேள்விகளில், ஒலித் தடுப்போடு தொடர்புடையவற்றுக்கு மட்டும் இங்கே பதில் எழுதுகிறேன். பொருட்களின் விலையும் மேசன்மாரோடான பிணக்குகளும் என் துறையைச் சேர்ந்தவை அல்ல.

கேள்வி (கொக்குவில்): எங்கள் காணி புகையிரதப் பாதைக்கு அண்மையில் உள்ளது. சுவரை 4 அங்குலக் கல்லில் கட்டுவதா, 6 அங்குலக் கல்லில் கட்டுவதா?

பதில்: 1990 முதல் 2014 வரை யாழ்ப்பாணத்துக்குப் புகையிரதமே வராதிருந்தபடியால், பாதையோரக் காணிகளை வாங்கிய பலர் இந்தச் சத்தத்தைக் கணக்கில் எடுக்கவில்லை. 6 அங்குலமே நல்லது; ஆனால் நீங்கள் எதிர்பார்க்கும் அளவுக்கு அது பலன் தராது. ஒரு சுவரின் எடை இரட்டிப்பானால் அது தடுக்கும் ஒலி ஏறக்குறைய 5 அல்லது 6 டெசிபெல்தான் (ஒலியளவின் அலகு) கூடும். காதுக்குச் சத்தம் பாதியாகக் குறைந்ததுபோலத் தோன்றுவதற்கோ 10 டெசிபெல் வேண்டும்.

கல்லின் தடிப்பை விடப் பூச்சையே நான் முதலில் கேட்பேன். சீமெந்துக் கல் நுண்துளைகள் நிறைந்தது. கல்லுக்கும் கல்லுக்கும் இடையில் சாந்து சரியாக நிரம்பாத இடங்களும் இருக்கும். இரு பக்கமும் முழுமையாகப் பூசினால்தான் அந்த வழிகள் அடைபடும். சீலிங் அடித்தால் மறைந்துவிடும் என்று மேசன்மார் சுவரின் மேற்பகுதியைப் பூசாமல் விடுவது எங்கள் பகுதியில் வழக்கம். அதற்கு இடம் கொடுக்காதீர்கள்.

அதைவிடப் பெரிய குறை ஒன்று உண்டு. எங்கள் வீடுகளில் அறைகளுக்கு இடையிலான சுவர்கள் பெரும்பாலும் சீலிங் மட்டத்தோடு நின்றுவிடுகின்றன. ஓடு வழியாக உள்ளே வரும் சத்தமும், பக்கத்து அறையில் பேசும் பேச்சும், அந்தச் சீலிங்குக்கு மேலுள்ள வெளியால் எல்லா அறைகளுக்கும் இறங்கும். ஆகவே படுக்கையறைச் சுவர்களையாவது கூரை வரை ஏற்றிக் கட்டுங்கள். இதை இன்னும் சில இடங்களில் திரும்பச் சொல்ல நேரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பாதையை நோக்கிய பக்கத்தில் குசினி, குளியலறை, களஞ்சிய அறை, படிக்கட்டு ஆகியவற்றை வைத்து, படுக்கையறைகளை மறுபக்கம் தள்ளுங்கள். பிளான் கடதாசியில் இருக்கும்போது இந்த மாற்றத்துக்கு ஒரு சதமும் செலவில்லை.

கேள்வி (நல்லூர்): திருவிழாக் காலத்தில் ஒலிபெருக்கிச் சத்தம் தாங்க முடியாமல் இருக்கிறது. இரட்டைக் கண்ணாடி யன்னல் போட்டால் நிற்குமா? சட்டத்தில் ஏதும் வழி உண்டா?

பதில்: நாதஸ்வரம் ஓரளவு நின்றுவிடும், தவில் நிற்காது. உயர் சுருதி ஒலிகளைக் கண்ணாடி எளிதாகத் தடுக்கும். தாழ்ந்த ஒலிகளுக்குக் கனமும் கண்ணாடிகளுக்கு இடையில் அகன்ற வெளியும் வேண்டும். ஓர் அங்குலத்துக்கும் குறைந்த வெளியோடு விற்கப்படும் இரட்டைக் கண்ணாடி வெப்பத்துக்கே ஏற்றது. சத்தத்துக்கு, ஒரே யன்னல் நிலையில் (சட்டகத்தில்) 4 அங்குல இடைவெளி விட்டு, ஒன்றுக்கொன்று தடிப்பு வேறுபட்ட கண்ணாடிகளோடு இரண்டு யன்னல்கள் வைப்பதே மேல். சிலைடிங் யன்னல் வேண்டாம். அதன் ஓரங்கள் ஒருபோதும் இறுக மூடுவதில்லை. கீலில் திறந்து றப்பர் பட்டியில் அழுந்தி மூடும் வகையைத் தெரிவுசெய்யுங்கள். யன்னலைத் திறந்துவிட்டால் இந்தச் செலவு முழுவதும் வீண் என்பதையும், ஆகவே அந்த அறைக்கு ஏசி வேண்டியிருக்கும் என்பதையும் இப்போதே கணக்கில் எடுங்கள்.

சட்டத்தைப் பொறுத்தவரை, இலங்கையின் 1996 ஆம் ஆண்டு ஒலிக் கட்டுப்பாட்டு ஒழுங்குவிதிகள் மாநகர சபைப் பகுதிக்குப் பகலில் 63, இரவில் 50 டெசிபெல் என்றும், பிரதேச சபைப் பகுதிக்கு முறையே 55, 45 என்றும் வரையறுக்கின்றன. இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை ஒலிபெருக்கிக்கு அனுமதி வழங்கலாகாது என்று 2007 இல் உயர் நீதிமன்றம் கூறியது. விசேட சமய நிகழ்வுகளுக்கு விலக்கு உண்டு. மேற்கொண்டு சட்டத்தரணியிடம் கேளுங்கள்.

கேள்வி (மானிப்பாய்): சுவரில் முட்டை மட்டை ஒட்டினால் சத்தம் வராதாமே?

பதில்: வரும். எடை இல்லாத பொருள் ஒலியைத் தடுக்காது.

கேள்வி (வட்டுக்கோட்டை): எங்கள் பாட்டனார் கட்டிய நாற்சார் வீட்டில் வெளிச்சத்தமே கேட்பதில்லை. சீமெந்துக் கல் வந்துதான் எல்லாவற்றையும் கெடுத்தது என்பது என் கருத்து. நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

பதில்: பாதி சரி. சுண்ணாம்புச் சாந்தில் கட்டிய அந்தத் தடித்த கற்சுவர்களின் எடை இன்றைய சுவரின் எடையைப் போலப் பல மடங்கு. ஆனால் அமைதிக்கு முதற்காரணம் அமைப்பு. முற்றத்தைச் சுற்றி நான்கு பக்கமும் கட்டடம் நிற்பதால் தெருச் சத்தம் நேராக உள்ளே வர வழியில்லை. அறைகள் காற்றையும் வெளிச்சத்தையும் தெருவிலிருந்து பெறாமல் முற்றத்திலிருந்து பெற்றன. இன்றைய வீட்டில் காற்றுக்காகத் தெருப் பக்கம் பெரிய யன்னல்களை வைத்துவிட்டுச் சீமெந்துக் கல்லைக் குறை சொல்வது நியாயமில்லை.

கேள்வி (கரவெட்டி): வட்டுக்கோட்டை அன்பருக்கு ஒரு மறுப்பு. எங்கள் பழைய வீடும் நாற்சார்தான். ஓர் அறையில் இருமினால் எட்டு அறைக்கும் கேட்கும். இதைப் போய் அமைதியான வீடு என்கிறார்களே!

பதில்: இரண்டு பேரும் இரண்டு வெவ்வேறு சத்தங்களைப் பற்றிப் பேசுகிறீர்கள். முற்றம் வெளிச்சத்தத்தைத் தடுக்கும். உள்ளே எழும் சத்தத்தை எல்லா அறைக்கும் பங்கிடும். முற்றத்தை நோக்கிய யன்னல்கள் எதிரெதிரே இருப்பதும், இடைச்சுவர்கள் கூரையைத் தொடாமல் நிற்பதும் இதற்குக் காரணம்.

கேள்வி (வட்டுக்கோட்டை, மீண்டும்): கூட்டுக் குடும்பத்தில் இருமல் கேட்பது ஒரு பாதுகாப்பு. முதியவர் இரவில் விழுந்தால் யாருக்குத் தெரியும்?

பதில்: இந்த வாதத்துக்கு டெசிபெலில் பதில் இல்லை, முதியவரின் அறைக்கு ஒரு அழைப்பு மணி வைத்துவிட்டுச் சுவரைக் கூரை வரை கட்டுங்கள். கரவெட்டிக்காரரும் வட்டுக்கோட்டைக்காரரும் இதற்குப் பின் எழுதிய ஐந்து கடிதங்களை நான் பிரசுரிக்கவில்லை.

கேள்வி (திருநெல்வேலி): வாஸ்துப்படி பெரிய படுக்கையறை கன்னி மூலையில் (தென்மேற்கில்) வரவேண்டும் என்கிறார்கள். எங்களுக்குத் தெற்கே பிரதான வீதி. என்ன செய்வது?

பதில்: அறை அந்த மூலையிலேயே இருக்கட்டும். தெற்குச் சுவரில் யன்னல் வைக்காமல், அதன் முழு நீளத்துக்கும் உடுப்பு அலுமாரியையும் இணைந்த குளியலறையையும் அமையுங்கள். யன்னலை மேற்கே வையுங்கள். சோளகம் (தென்மேற்குக் காற்று) வீசும் மாதங்களில் காற்று அந்தப் பக்கத்தாலும் வரும். தெருப் பக்க மதிலை உயர்த்துவதும் கீழ்த்தளத்துக்கு உதவும், ஆனால் மதில் உங்கள் பார்வையிலிருந்து வாகனத்தை மறைக்க வேண்டும். மேல்மாடியிலிருந்து வீதி தெரிந்தால் அங்கே மதிலால் பயனில்லை.

கேள்வி (சுன்னாகம்): மதிலோரம் வேம்பு நட்டால்?

பதில்: நிழல் கிடைக்கும். ஒரு வரிசை மரம் சத்தத்தைக் குறைக்காது.

கேள்வி (உரும்பிராய்): மேல்மாடியில் மகன் குடும்பம் இருக்கப்போகிறது. காலடிச் சத்தம் கீழே வராமல் இருக்கக் கொங்கிறீற்றை 5 அங்குலத்திலிருந்து 6 ஆக்கலாமா?

பதில்: பேச்சுக்கு 5 அங்குலமே போதும். கதிரை இழுபடும் சத்தமும் குழந்தை குதிக்கும் சத்தமும் கொங்கிறீற்றுக்குள் நேரே இறங்குபவை. தடிப்பு அவற்றுக்குச் சிறிதளவே உதவும். ரைல்ஸ் பதிப்பதற்கு முன், தட்டின் மேல் றப்பர் விரிப்பு இட்டு, சுவரோரங்களில் அதை மேலே மடித்து, அதன்மேல் சீமெந்துத் தளம் போடுங்கள். அந்தத் தளம் எந்த இடத்திலும் சுவரைத் தொடக் கூடாது; ஓரிடத்தில் சாந்து ஒட்டிக்கொண்டாலும் சத்தம் அந்த வழியால் இறங்கிவிடும். வேலை நடக்கும்போது நீங்கள் பக்கத்தில் நின்று பார்க்க முடியாவிட்டால், இந்த வேலையைத் தொடங்காமல் விடுவதே மேல். இது முடியாதென்றால், கீழே படுக்கையறை உள்ள இடத்துக்கு மேலும் படுக்கையறையே வரும்படி அமையுங்கள். கதிரைக் கால்களுக்கு றப்பர் போடுங்கள்.

கேள்வி (சாவகச்சேரி): தகரக் கூரைதான் போடுகிறோம். மாரி மழையில் பேச முடிவதில்லை என்கிறார்கள்.

பதில்: உண்மை. மெல்லிய தகடு துளி விழும்போதெல்லாம் பறைபோல் அதிர்கிறது. தகட்டின் அடியில் அதைத் தொட்டுக்கொண்டு கண்ணாடிக் கம்பளி விரித்து, அதன் கீழ் கனமான சீலிங் அடித்தால் நன்றாகக் குறையும். ஓடு இதைவிட அமைதி, கொங்கிறீற் அதைவிட.

கேள்வி (அச்சுவேலி): கிணற்று மோட்டர் அதிகாலையில் வீட்டையே எழுப்புகிறது.

பதில்: மோட்டரைச் சுவரில் பொருத்தாமல், வீட்டோடு சேராத தனிச் சீமெந்துக் கட்டின் மேல் றப்பர் இட்டு வையுங்கள். குழாயை நெகிழும் துண்டால் இணையுங்கள். ஏசியின் வெளிப்பெட்டிக்கும் இதே விதி. படுக்கையறைச் சுவரில் மாட்டாதீர்கள்.

கேள்வி (இணுவில்): முட்டை மட்டை வேண்டாமென்றால் ஸ்பொன்ஜ் ஒட்டலாமா? ஒலியைத் தடுக்கும் பெயின்ற் இருக்கிறதாமே?

பதில்: மானிப்பாய்க்குச் சொன்ன பதிலைப் படியுங்கள். ஸ்பொன்ஜ் அறைக்குள் எதிரொலியை மட்டும் குறைக்கும். பெயின்றின் தடிப்பையும் சுவரின் தடிப்பையும் ஒப்பிட்டுப் பாருங்கள்.

கேள்வி (பருத்தித்துறை): எல்லாம் சரியாகக் கட்டிவிட்டோம். ஆனாலும் ஹோலில் தொலைக்காட்சி போட்டால் அறைக்குள் கேட்கிறது. கதவு தேக்கு மரம்.

பதில்: கதவின் அடியில் எவ்வளவு இடைவெளி? 3 அடி அகலக் கதவின் கீழ் அரை அங்குலம் விட்டிருந்தால், தேக்கானாலும் இரும்பானாலும் அந்தக் கதவு 22 டெசிபெல் அளவுக்கு மேல் தடுக்காது. நிலையின் மூன்று பக்கமும் றப்பர் பட்டி ஒட்டி, அடியில் விழுந்து மூடும் பட்டியும் பொருத்துங்கள். கதவுக்கு மேலே காற்றுத் துவாரம் விட்டிருந்தால் அதை முதலில் அடையுங்கள். அதற்குப் பின்னும் கேட்டால், ஏணி வைத்துச் சீலிங்குக்கு மேலே சுவர் எங்கே முடிகிறது என்று பாருங்கள்.