ஏஜென்ட் தப்பான டூலைக் கூப்பிட்டால்

உங்கள் AI ஏஜென்ட்டிடம் (கேள்விக்கு ஏற்ற டூலைத் தானே தேர்ந்து கூப்பிடும் AI) ஆர்டர் தேடல், வாடிக்கையாளர் தேடல் என்று இரண்டு டூல்கள், அதாவது வேலையைச் செய்து தரும் சின்ன புரோகிராம்கள், இருக்கின்றன. பின்னால் இருக்கும் AI மாடலை மாற்றாதீர்கள், அந்த இரண்டு டூல்களின் விளக்கத்தை மாற்றுங்கள். ஆர்டர் எண்ணையே கொடுத்தாலும் ஏஜென்ட் வாடிக்கையாளர் தேடலுக்குப் போகிறது என்கிறீர்கள். இரண்டிலும் "தகவல் எடுத்துத் தரும்" என்று ஒரே வரிதானே இருக்கிறது. டூலுக்கு உள்ளே இருக்கும் கோடு (code) மாடலுக்குத் தெரியாது, பெயர், விளக்கம், பாராமீட்டர் (டூலுக்குக் கொடுக்க வேண்டிய விவரங்கள்) இவ்வளவுதான் கண்ணில் படும்.

ஆர்டர் தேடலின் விளக்கத்தில் இப்படி எழுதுங்கள்: "ஆர்டர் எண் இருந்தால் மட்டும். போன் நம்பர் மட்டுமே இருந்தால் வாடிக்கையாளர் தேடல்." டூல் தேதி கேட்டால் அதற்கு மாதிரி கட்டாயம் வேண்டும், 03/04/2025 மார்ச்சா ஏப்ரலா என்று மனுஷனுக்கே குழம்பும், 2025-04-03 என்று காட்டிவிடுங்கள்.

அப்புறம் சொதப்பிய கேள்விகளையே திரும்ப ஓட்டி, எந்த டூலைக் கூப்பிட்டது என்று லாகில் (ஏஜென்ட் செய்தவற்றின் பதிவில்) பாருங்கள்.

ஒரு கவனம்: "எப்போதும் இதையே பயன்படுத்து" என்று அழுத்தினால் தேவையில்லாத இடத்திலும் கூப்பிடும். விளக்கம் ஒவ்வொரு கோரிக்கையோடும் போவதால், நீட்டினால் டோக்கனும் (மாடல் படிக்கும் சொல் துண்டுகள்) ஏறும்.