ஜல்லியைக் குலுக்கினால் மணல் வருமா?

கேள்வி: எங்கள் கடற்கரையில் மணல் ஓரிடத்தில் கறுப்பாகவும் இன்னோரிடத்தில் சிவப்பாகவும் கிடக்கிறது. மலைப்பாறைதான் மணலாச்சு என்றால் நாலாம் வகுப்பு படிக்கும் மகள் நம்ப மாட்டேன் என்கிறாள். பாட்டிலில் ஜல்லி போட்டு, நிறையத் தண்ணீர் ஊற்றிக் குலுக்கிக் காட்டினேன். தண்ணீர்கூடக் கலங்கவில்லை. வேறு எப்படிக் காட்டுவது?
- வாசகி, மணவாளக்குறிச்சி

பதில்: மகள் சந்தேகப்பட்டது நியாயம்தான். கருங்கல் லேசில் தேயாது. தண்ணீர் நிறைய இருந்தால் கல்லோடு கல் மோதுகிற வேகமும் குறைந்துவிடும். செங்கல்லை 2 செ.மீ. துண்டுகளாக உடைத்து, முதல் நாள் இரவே ஊறவையுங்கள். ஊறாத செங்கல் குலுக்கும்போது தண்ணீரை உறிஞ்சும். தேய்ந்த பிறகு எடை கூடியதாகத் தராசு காட்டி உங்கள் மானத்தை வாங்கும். மூன்று துண்டுகளைத் தனியே எடுத்துவைத்துவிட்டு, 20 துண்டுகளை எடைபோட்டு 1 லிட்டர் பிளாஸ்டிக் ஜாடியில் போடுங்கள். கல் மூழ்கும் அளவு தண்ணீர் போதும். 200 முறை குலுக்கி வெள்ளைத் துணியில் வடிகட்டுங்கள். புதுத் தண்ணீரில் இன்னொரு 200. முதல் தடவைதான் பொடி அதிகம் வரும், ஏனென்றால் கூரான முனைகள் முதலில் உடையும். மழுங்கிய கல் மெதுவாகத்தான் தேயும். எடுத்துவைத்த மூன்றையும் பக்கத்தில் வைத்துக் காட்டுங்கள்.

ஆனால் மோதல் பாதிக் கதைதான். கல்குளம், விளவங்கோடு பக்கம் சாலைக்காக வெட்டிய மேடு ஒன்றுக்குக் கூட்டிப்போங்கள் (மழைநாளில் வேண்டாம், சரியும்). மேலே செம்மண், அடியில் உறுதியான பாறை. இரண்டுக்கும் நடுவே, பார்க்கப் பாறை மாதிரியே இருக்கும் ஒன்றை நகத்தால் கீறினால் உதிரும். மழைநீர் பாறையிலுள்ள ஃபெல்ட்ஸ்பார் என்ற கனிமத்தைக் களிமண்ணாக்கிவிடுகிறது. இரும்பு துருப்பிடித்துச் சிவக்கிறது. குவார்ட்ஸ், கார்னெட், இல்மனைட் என்ற கனிமங்கள் மட்டும் மசியாமல் தப்பி, ஆற்றோடு கடலுக்குப் போகின்றன. பாறையை அலை உடைத்துத்தான் இத்தனை மணலும் வந்தது என்று பிள்ளைகள் நினைப்பார்கள், அதைத் திருத்துங்கள்.

நிறம் பிரிப்பதுதான் அலையின் வேலை. ஏறிவரும் அலை எல்லாவற்றையும் கொண்டுவரும்; வலுக்குறைந்து திரும்பும்போது லேசானதை மட்டும் இழுத்துப்போகும். வெள்ளைக் குவார்ட்ஸ் தண்ணீரைவிட 2.65 மடங்கு கனம். சிவப்புக் கார்னெட் சுமார் 4, கறுப்பு இல்மனைட் 4.7. ஒரு சிரட்டையில் கால்வாசி மணலும் தண்ணீரும் எடுத்து, சாய்த்துச் சுழற்றிச் சுழற்றிக் கொட்டுங்கள். வெள்ளை போய்க் கறுப்பு தங்கும். வேகமாகச் சுழற்றினால் எல்லாமே போய்விடும்.

காந்தம் வைத்துப் பார்க்க நினைத்தால் சாதாரணக் காந்தம் ஏமாற்றும், இல்மனைட்டின் ஈர்ப்பு அவ்வளவு குறைவு. வலு அதிகமான நியோடிமியம் காந்தத்தைப் பிளாஸ்டிக் கவரில் சுற்றி, நன்றாகக் காய்ந்த மணலில் வையுங்கள். முடிந்ததும் மணலைக் கரையிலேயே போட்டுவிட்டுக் கை கழுவச் சொல்லுங்கள். அதில் மோனசைட் என்ற கனிமம் கலந்திருக்கும், மோனசைட்டில் கதிரியக்கமுள்ள தோரியம் உண்டு. அழகாக இருக்கிறதே என்று பாட்டிலில் அடைத்து அலமாரியில் வைக்க வேண்டாம்.