சீன அரக்குக் கிண்ணம் வாங்கலாமா? வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: இணைய ஏலத்தில் ஒரு சீனக் கிண்ணம் பார்த்தேன். நீள்வட்ட வடிவம், இரண்டு பக்கமும் காது, உள்ளே சிவப்பு, வெளியே கறுப்பில் சுருள் சித்திரம். ‘ஹான் காலம், 2000 ஆண்டுப் பழமை’ என்கிறார்கள். விலை 45,000 ரூபாய். ஆனால் புத்தம்புதுசாகப் பளபளக்கிறது. நம்பலாமா? (கோவை)

பதில்: பளபளப்பை மட்டும் வைத்துப் போலி என்று சொல்லிவிட முடியாது. சீனாவின் சாங்ஷா நகரில் ஹான் காலத்து மாவாங்துய் கல்லறைகளை 1972 முதல் 1974 வரை தோண்டியபோது மரத்தில் செய்து அரக்குப் பூசிய பாத்திரங்கள் நூற்றுக்கணக்கில் கிடைத்தன. பல, நேற்றுக் கழுவிக் கவிழ்த்தவை போல இருந்தன. சிலவற்றில் ‘ஐயா, சாப்பிடுங்கள்’, ‘ஐயா, மது அருந்துங்கள்’ என்று உபசார வார்த்தைகூட எழுதியிருக்கிறது. உங்கள் கிண்ணத்தின் வடிவமும் அங்கே ஏராளம்.

நீங்கள் கேட்க வேண்டியது வேறு: இதைக் காயவைத்தது யார்? அந்தப் பாத்திரங்கள் பிழைத்ததே காற்றுப் புகாத ஈரத்தில் கிடந்ததால்தான். அத்தனை காலம் நீரில் ஊறிய மரம் வெளியே வந்து தானாகக் காய்ந்தால் சுருங்கும், முறுக்கிக்கொள்ளும். மேலே இருக்கும் அரக்குப் படலம் அதோடு சேர்ந்து சுருங்காது. செதில் செதிலாகப் பெயரும். அதனால் மரத்திலுள்ள நீரைச் சிறுகச் சிறுக எடுத்துவிட்டு வேறு வேதிப்பொருளை ஏற்ற வேண்டும். மாதக்கணக்கில், சில சமயம் வருடக்கணக்கில் ஆகும். ஹூபெய் மாகாணம் ஜிங்ஜோவில் இந்த வேலையில் பெயர்பெற்ற கூடம் இருக்கிறது. முழுசான ஹான் கிண்ணம் என்றால் யாரோ ஒருவர் இந்த வேலையைச் செய்திருக்க வேண்டும். அதற்கு ஆவணம் இருக்கும்.

அப்புறம் சட்டம். சீன மண்ணுக்கடியில் கிடைப்பது சீன அரசுக்குச் சொந்தம். தாங் வம்சம் முடிந்த 907 வரையிலான சீனத் தொல்பொருள்கள் அனுமதியில்லாமல் உள்ளே வர 2009 முதல் அமெரிக்காவிலும் தடை. பல பத்தாண்டுகளுக்கு முன்பே முறையாக வெளியேறியது என்று காட்டும் பழைய ரசீதோ ஏலப் பட்டியலோ இல்லையென்றால் தொடாதீர்கள். ‘தாத்தா காலத்துச் சேகரிப்பு’ என்ற ஒரு வரி ஆவணமாகாது.

கேள்வி: கார்பன் பரிசோதனைச் சான்றிதழ் இருக்கிறது, அடியில் சீன எழுத்தும் இருக்கிறது. போதாதா? (சென்னை)

பதில்: போதாது. மரத்தைச் சோதித்தால் தெரிவது மரத்தின் வயது. பழைய மரத்தில் போன மாதம் சித்திரம் தீட்டினாலும் சான்றிதழ் பழமை என்றுதான் சொல்லும். மாதிரி எடுத்தது மரத்திலா அரக்கிலா என்று கேளுங்கள். நிறமியையும் பார்க்கச் சொல்லுங்கள். டைட்டானியம் வெள்ளை வந்தால் அந்தப் பூச்சு 20ஆம் நூற்றாண்டுக்கு முந்தியதல்ல.

எழுத்தைப் பார்த்து எழுதிவிடலாம். ஆனால் அசல் எழுத்து சுவாரசியமானது. பிரிட்டிஷ் மியூசியத்தில் கி.பி. 4ஆம் ஆண்டுக் கிண்ணம் ஒன்று இருக்கிறது. ஆறு தொழிலாளிகள், ஏழு மேற்பார்வையாளர்கள் பெயர் அதில் வரிசையாக இருக்கிறது. செய்தவரைவிடச் சரிபார்த்தவர் அதிகம். அரசாங்க வேலை அன்றைக்கும் அப்படித்தான்! கி.மு. 81இல் அரசவையில் நடந்த விவாதத்தில், சித்திரக் கிண்ணம் ஒன்றின் விலைக்குப் பத்து வெண்கலக் கிண்ணம் வாங்கலாம் என்று ஒரு குற்றச்சாட்டே வருகிறது.

கேள்வி: நம் ஊர் அரக்கும் இதுவும் ஒன்றா? சிவப்பு என்றால் பாதரசம் என்கிறார்களே, அதில் எப்படிச் சாப்பிட்டார்கள்? (திருச்சி)

பதில்: ஒன்றல்ல. நம் அரக்கு பூச்சி சுரப்பது, சாராயத்தில் கரையும். சீன அரக்கு ஒரு மரத்தின் பால். மா, முந்திரி, சேராங்கொட்டை எல்லாம் அதே குடும்பம். சேராங்கொட்டைப் பால் பட்டால் என்ன ஆகும் என்று தெரியுமல்லவா, பச்சையாக இருக்கும்போது இதுவும் அப்படித்தான் தோலில் கொப்புளம் போடும். ஈரப்பதமான காற்றில் இறுகிய பிறகு தண்ணீர், சாராயம் எதற்கும் அசையாது. சிவப்புக்குக் காரணம் சாதிலிங்கம் எனும் பாதரச சல்பைடு. அது இறுகிய அரக்குக்குள் அடைபட்டிருந்ததால் புழங்கினார்கள். நீங்கள் பழைய கிண்ணத்தில் எதையும் ஊற்றிக் குடிக்க வேண்டாம்.

கேள்வி: காரைக்குடியில் வாங்கிய சிவப்பு கறுப்புச் சம்படம் சீனாவுடையதா? சிங்கப்பூரில் இருக்கும் மகனுக்கு அனுப்பலாமா? (மதுரை)

பதில்: பெரும்பாலும் பர்மா. செட்டியார்கள் அங்கிருந்து கொண்டுவந்தவை அந்தப் பக்கம் நிறைய. விளிம்பு தேய்ந்த இடத்தை லென்ஸில் பாருங்கள். மூங்கில் பின்னல் தெரிந்தால் பர்மா என்று வைத்துக்கொள்ளலாம். 100 ஆண்டைத் தாண்டியது என்றால் இந்தியாவின் 1972 தொல்பொருள் சட்டத்தின்கீழ் வரக்கூடும். தொல்பொருளைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. தொல்லியல் துறையிடம் கேட்காமல் அனுப்பாதீர்கள்.

கேள்வி: சென்னையில் எப்படிப் பாதுகாப்பது? (அடையாறு)

பதில்: ஏசியை மாற்றி மாற்றிப் போட்டு அணைக்கும் அறை வேண்டாம், ஈரப்பதம் ஏறி இறங்குவதுதான் எதிரி. வெயில் படக்கூடாது. எண்ணெய் தடவாதீர்கள், ஈரத்துணி வேண்டாம், மெல்லிய தூரிகை போதும். செதில் பெயர்ந்தால் கடைப் பசை போட்டு ஒட்டாமல், காகித உறையில் தேதி எழுதிப் பாத்திரத்தோடேயே வையுங்கள். பழுது பார்ப்பவருக்கு அது தேவைப்படும்.