அப்பா ஏறுவதற்குப் படியா, பாறையைத் தாங்கும் குழாயா?

கேள்வி: இரட்டை கேபின் பிக்கப் வைத்திருக்கிறேன். எழுமலைப் பக்கம் மலையடிவாரத்தில் எங்கள் தென்னந்தோப்பு இருக்கிறது. கடைசி இரண்டு கிலோமீட்டர் மண்பாதை, நடுவில் ஓர் ஓடை. அப்பாவுக்கு 73 வயது. முழங்கால் வலியால் வண்டியில் ஏறச் சிரமப்படுகிறார். மதுரையில் ஒரு கடைக்காரர், “சைடு ஸ்டெப் (கதவுக்குக் கீழே பொருத்தும் மிதிபலகை) வேண்டாம், ராக் ஸ்லைடர் போடுங்கள். படியாகவும் இருக்கும், பாறையிலிருந்தும் காக்கும்” என்கிறார். தெரிந்த வெல்டிங் பட்டறையில் அதையே பாதி விலைக்குச் செய்து தருவதாகச் சொல்கிறார்கள். எதை வாங்குவது?
– உசிலம்பட்டி வாசகர்

பதில்: அப்பாவிடமிருந்தே தொடங்குகிறேன். கடைக்குப் போகும் முன் வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, தரையிலிருந்து கேபின் வாசல் எத்தனை அங்குலம் என்று அளந்து பாருங்கள். வீட்டுப் படி ஒன்று 6 அல்லது 7 அங்குலம்தான். பிக்கப் வாசல் அதைப்போல ஏறத்தாழ மூன்று மடங்கு இருக்கும். அந்த உயரத்தின் பாதியில் மிதிபலகை இருந்தால்தான் வலிக்கும் முழங்காலுக்கு அது உதவி.

ராக் ஸ்லைடர் என்ற தடித்த இரும்புக் குழாயின் வேலையே வேறு. வண்டி பாறைமேல் சரியும்போது கதவுக்குக் கீழுள்ள தகடு நசுங்காதபடி, அந்தப் பக்கத்து எடையை வாங்கி வண்டியின் அடிச்சட்டமான சேசிஸுக்குக் கொடுப்பது அது. அதனால்தான் அதைக் கதவோரத்தை ஒட்டி உயரத்தில் பொருத்துகிறார்கள். தாழ்வாகத் தொங்கினால் கல்லில் முதலில் இடிப்பது அதுவாகத்தான் இருக்கும். ஆகவே நல்ல ஸ்லைடர் உங்கள் அப்பாவுக்கு எட்டாத படி. அவருக்கு எட்டும் படி ஓடைக் கல்லில் இடிக்கும். ஒன்றே இரண்டுக்கும் ஆகும் என்ற கடைக்காரரின் பேச்சை நம்பாதீர்கள்.

இப்போது வண்டியின் பக்கவாட்டு அடிப்பகுதியைக் குனிந்து பாருங்கள். இத்தனை நாள் ஓடையைக் கடந்ததில் அங்கே கீறலோ நசுங்கலோ இருக்கிறதா? இல்லையென்றால் ஸ்லைடர் உங்களுக்குத் தேவையில்லை. மண்பாதையில் போகிறோம் என்பது மட்டும் அத்தனை கிலோ இரும்பை ஆண்டு முழுவதும் சுமந்து திரியக் காரணமாகாது. சைடு ஸ்டெப் வாங்குங்கள். கீறல் இருந்தால் ஸ்லைடரே சரி. அப்பாவுக்காக உறுதியான மடக்கு முக்காலி ஒன்றைக் கேபினில் போட்டுவைத்து, வாசலோரத்தில் கைப்பிடி இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். எந்தப் படியானாலும் ஏறும்போது வலியில்லாத கால் முதலில், இறங்கும்போது வலிக்கும் கால் முதலில் என்று அவருக்குச் சொல்லுங்கள்.

சைடு ஸ்டெப்பில் பளபளக்கும் உருண்டைக் குழாய்தான் கடைகளில் முதலில் கண்ணைப் பறிக்கும். அதில் கால் வைக்க இரண்டே இடங்களில் பிளாஸ்டிக் பட்டை இருக்கும். மழைநாளில் தோப்புச் சேற்றோடு செருப்புக் கால் அந்தப் பட்டைக்கு வெளியே பட்டால் வழுக்கும். முழு நீளத்துக்கும் சொரசொரப்பான, பாதம் நன்றாகப் பதியும் தட்டைப் பலகையைக் கேளுங்கள். அதைவிட முக்கியம் அதைத் தாங்கும் பிராக்கெட். பிக்கப்பில் கேபின், ரப்பர் புஷ்கள்மேல் உட்கார்ந்திருக்கிறது; மேடுபள்ளத்தில் கேபினும் சேசிஸும் தனித்தனியாக அசையும். பிராக்கெட்டின் ஒரு முனை சேசிஸிலும் மறுமுனை கேபின் தகட்டிலும் இருந்தால் தகடு நாளடைவில் விரிசல் விடும். எல்லா பிராக்கெட்டும் சேசிஸில் ஏற்கெனவே உள்ள துளைகளில் போல்ட் போட்டு நிற்க வேண்டும். பொருத்தி முடித்ததும் பணம் கொடுக்கும் முன்னால் இரண்டு பேர் ஒரே பலகையின் நடுவில் ஏறி நில்லுங்கள். பலகை வளைந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

பட்டறைக்கு மட்டும் போகவே வேண்டாம் என்று கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். பட்டறைக்காரரின் கைத்திறனில் எனக்குச் சந்தேகமில்லை. சேசிஸில் நெருப்பு படுவதுதான் என் கவலை. வெல்டிங் சூட்டில் அந்த இடத்து எஃகின் பலம் மாறிவிடும். உட்புறத் துருத்தடுப்புப் பூச்சும் எரிந்துபோய், வெளியே தெரியாமல் உள்ளிருந்து துரு அரிக்கும். என் மைத்துனர் வண்டியில் இப்படிச் செய்த இடம் இரண்டு மழைக்காலத்துக்குள் செதில் செதிலாக உதிர்ந்ததைப் பார்த்திருக்கிறேன். உத்தரவாதக் காலத்தில் இருக்கும் வண்டியென்றால் அதைக் காட்டியே நிறுவனம் கைவிரிக்கலாம். பாதி விலை என்பது முதல் நாள் கணக்கு மட்டுமே.

சட்டத்தையும் நினைவில் வையுங்கள். மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52 தயாரிப்பாளரின் விவரங்களை மாற்றுவதைக் கட்டுப்படுத்துகிறது. 2019 திருத்தத்துக்குப் பின் அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதம் உண்டு. பம்பருக்கு முன்னால் பொருத்தும் இரும்புக் கம்பிகளான கிராஷ் கார்டுகளை 2017 டிசம்பரிலேயே மத்திய அரசு தடுத்துவிட்டது. ஆகவே உங்கள் வண்டியைத் தயாரித்த நிறுவனமே துணைப்பொருளாக விற்கும் படியை, பகுதி எண்ணோடு (பார்ட் நம்பர்) பில் வாங்கிப் பொருத்துவதே பாதுகாப்பு. வண்டியின் அகலத்தைத் தாண்டி நீட்டிக்கொண்டிருக்கும் எதையும் வாங்காதீர்கள்.

கேள்வி: இணையத்தில் வாங்கிய சைடு ஸ்டெப்பின் துளைகள் என் பிக்கப்புக்குப் பொருந்தவில்லை. ‘உங்கள் மாடலுக்கு ஏற்றது’ என்றே விளம்பரத்தில் இருந்தது. இப்போது திரும்பப் பெற மறுக்கிறார்கள். நான் வாடகைக்கு ஓட்டுபவன் என்பதால் நுகர்வோர் ஆக மாட்டேன் என்றும் சொல்கிறார்கள்.
– மேலூர் வாசகர்

பதில்: அவர்கள் சொல்வது தவறு. சுயதொழிலாகத் தன் பிழைப்புக்கு மட்டும் பயன்படுத்துபவரும் நுகர்வோர்தான் என்று 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டமே சொல்கிறது. விளம்பரப் பக்கம் மாறிவிடும் முன் அதைப் படம் எடுத்துவையுங்கள். பொருந்தாத துளையையும் அளவு நாடாவோடு படமெடுங்கள். முதலில் 1915 என்ற தேசிய உதவி எண்ணில் புகார் செய்யுங்கள். அதில் தீரவில்லை என்றால் மதுரை மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்துக்குப் போகலாம். விற்றவர் எந்த ஊரில் இருந்தாலும் நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குத் தொடரச் சட்டம் இடம் தருகிறது. 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்கு வழக்குக் கட்டணம் கிடையாது. காலவரம்பு இரண்டு ஆண்டுகள். துளையைப் பெரிதாக்கிப் பொருத்திப் பார்க்கலாமே என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். பொருளில் கை வைத்துவிட்டால் உங்கள் வழக்கு பலவீனமாகிவிடும்.